தீத்தடுப்புக் கதவு: முத்திரை மட்டும் போதுமா?

லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் 2017 ஜூன் 14ஆம் தேதி மூண்ட தீயில் 72 பேர் உயிரிழந்தனர். வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த, எளிதில் தீப்பற்றும் பலகைகளைப் பற்றியே அப்போது அதிகம் பேசப்பட்டது. விசாரணையில் வெளிவந்த இன்னொரு தகவல் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. அங்கிருந்த ஒரு வீட்டின் வாசற்கதவைக் காவல்துறை சோதனைக்கு அனுப்பியது. 30 நிமிடங்கள் தீயைத் தடுக்க வேண்டிய கதவு, ஏறக்குறைய 15 நிமிடங்களே தாங்கியது. 2018 மார்ச்சில் பிரிட்டிஷ் அரசாங்கமே இதை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

அப்படியானால், பொருத்தப்பட்டுவிட்ட ஒரு கதவு கட்டட விதிமுறைகளுக்கு ஏற்றதுதான் என்பதை எப்படி நிரூபிப்பது?

“சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே!” என்று நாம் நினைக்கலாம். சிக்கல் அங்குதான் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் கதவைச் சட்டத்தோடு உலையின் வாயில் பொருத்தித் தீ மூட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் உலையின் வெப்பம் சுமார் 840 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. தேர்ச்சி பெற்றாலும், கருகிய அந்தக் கதவை எந்த வீட்டிலும் மாட்ட முடியாது. ஆக, நம் வீட்டு வாசலில் இருக்கும் கதவு சோதிக்கப்பட்டதே இல்லை. அதைப் போன்ற இன்னொரு கதவுதான் சோதிக்கப்பட்டது. “அதைப் போன்ற” என்ற அந்தச் சொல்லை நம்பியே சான்றிதழ் நிற்கிறது.

கதவு என்பது வெறும் பலகையன்று. சட்டம், கீல்கள், பூட்டு, தானாக மூடவைக்கும் கருவி எல்லாம் சேர்ந்ததே தீத்தடுப்புக் கதவு. அதன் ஓரத்தில் பதிக்கப்பட்டுள்ள மெல்லிய பட்டை, வெப்பம் பட்டதும் உப்பி இடைவெளியை அடைக்கும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வழக்கமாகச் சில மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தச்சர் அடிப்பக்கத்தைக் கூடுதலாக இழைத்தாலோ, பெரிய பூட்டுக்காகத் துளையை அகலப்படுத்தினாலோ, அது உலையில் தேர்ச்சி பெற்ற கதவைப் போன்றதாக இருக்காது. முத்திரை மட்டும் அப்படியே ஒட்டியிருக்கும்.

சரியாகப் பொருத்தப்பட்ட கதவும் காலப்போக்கில் பழுதடையும். நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் 2022 ஜனவரி 9ஆம் தேதி, 19 மாடிக் கட்டடம் ஒன்றில் மின்சார வெப்பமூட்டியால் தீ மூண்டது. குடும்பத்தினர் வெளியே ஓடியபோது, தானாக மூடிக்கொள்ள வேண்டிய வீட்டுக்கதவு மூடவில்லை. தீ பெரிதும் அந்த வீட்டோடும் அதன் நடைபாதையோடும் நின்றது. ஆனால் புகை கட்டடம் முழுவதும் பரவி, எட்டுப் பிள்ளைகள் உட்பட 17 பேரின் உயிரைப் பறித்தது.

இங்கிலாந்து இப்போது கற்ற பாடத்தைச் சட்டமாக்கியுள்ளது. 2023 ஜனவரி முதல், 11 மீட்டரைவிட உயரமான குடியிருப்புக் கட்டடங்களில் பொது இடத் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும். வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்வையிட எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரிலும் தீத்தடுப்புக் கதவுகள் எஸ்எஸ் 332 என்ற தரநிலைக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டு, முத்திரையுடன் வருகின்றன. வீவக வீட்டின் வாசற்கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால், அதை மாற்றும்போது புதியதும் அத்தகையதாகவே இருக்க வேண்டும். விதிமுறை தெளிவாகவே இருக்கிறது. ஆனால், கதவு மாட்டப்பட்ட நாளோடு நிரூபிக்கும் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதே என் கருத்து. ஒவ்வொரு கதவுக்கும் ஓர் எண், யார் எப்போது பொருத்தினார், எதை மாற்றினார், கடைசியாக எப்போது பார்வையிடப்பட்டது என்ற பதிவு வேண்டும். இதற்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால் பதிவு இல்லாத கதவைப் பற்றிக் கேட்டால், “நம்புகிறோம்” என்று மட்டுமே யாராலும் பதில் சொல்ல முடியும்.

பொறியியலோ கட்டட நிர்வாகமோ படிக்கப்போகும் மாணவர்களுக்கு இது நாளைய வேலை. மற்றவர்களும் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் புளோக்கின் மாடிப்படியில் தீத்தடுப்புக் கதவு இருந்தால், அதைக் கொஞ்சம் திறந்து கையை விட்டுப் பாருங்கள். அது தானாக வந்து முழுமையாக மூட வேண்டும். மூடாவிட்டாலோ, யாராவது அதற்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தாலோ, நகர மன்றத்திடம் தெரிவியுங்கள்.