உண்மைக் காதலுக்கு அடையாளம் எது?

காதல் தெய்வீகமானது, அதற்குக் காரணம் கேட்கக்கூடாது என்று கவிகளும் கதைக்காரர்களும் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். காரணம் கேட்கக்கூடாது என்று சொல்லப்படுகிற எதிலும் யாரோ ஒருவர் ஏமாற இடமுண்டு. ஆகையால் காதலையும் சற்று சோதித்துப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகளான சார்லட் பிரான்டே, கரர் பெல் என்ற புனைபெயரில் 1847-ல் வெளியிட்ட நாவல் ‘ஜேன் அயர்’. ஜேன் தாய் தகப்பனற்றவள். ராச்செஸ்டர் என்ற பணக்காரர் வீட்டில் வருஷம் 30 பவுன் சம்பளத்திற்கு ஒரு குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறாள். இருவருக்கும் காதல் உண்டாகிறது. கலியாணத்தன்று சர்ச்சில்தான், அவருக்கு முன்னமே மனைவி உண்டென்பதும், அவள் பைத்தியமென்று மேல்மாடியில் அடைபட்டுக் கிடப்பதும் வெளியாகிறது. ‘பிரான்சுக்குப் போய் வாழலாம், வா’ என்று அவர் கெஞ்சுகிறார். ஜேனுக்கு ஆசை கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் மறைத்து ஏமாற்றியவரிடம் ஆசைநாயகியாய் அடங்கிக் கிடக்கச் சம்மதியாமல், 20 ஷில்லிங்குடன் விடியுமுன் வெளியேறுகிறாள்.

பிறகு செயின்ட் ஜான் என்ற பாதிரி வருகிறார். இவருக்குக் காதலே கிடையாது. மதப்பிரசாரத்திற்காக இந்தியாவுக்குப் போக ஒரு மனைவி தேவை. மறுத்தால் கடவுளையே மறுத்ததாகும் என்று மிரட்டுகிறார். ‘கூடவந்து வேலை செய்கிறேன், மனைவியாக மாட்டேன்’ என்கிறாள் ஜேன்.

‘காதலுக்காக எதையும் தியாகம் செய்வதல்லவா உண்மைக் காதல்?’ என்று பண்டிதர்கள் கேட்கலாம். அந்தத் தியாகத்தை எப்போதும் பெண்ணிடமே கேட்பானேன் என்று நாம் கேட்கிறோம். ஒருவர் காதலின் பேராலும் மற்றவர் கடவுளின் பேராலும் கேட்டது ஜேனுடைய சுயமரியாதையைத்தானே?

பின்னர் சிற்றப்பன் சொத்து 20,000 பவுன் வருகிறது. அதில் முக்கால் பங்கை உறவினர் மூவருக்குக் கொடுத்துவிட்டுத் தன் 5,000 பவுனுடன், யார் தயவும் வேண்டாதவளாய், ராச்செஸ்டரைத் தேடிப் போகிறாள். வீடு தீப்பற்றியதில் மனைவி மாண்டு, அவரும் கண்ணும் ஒரு கையும் இழந்திருக்கிறார். இப்போது ஜேன் தன் இஷ்டப்படி மணக்கிறாள். போகவும் முடியும், இருக்கவும் முடியும் என்ற நிலையில் இருக்கச் சம்மதித்தாளே, அதுதான் காதல்.

நிற்க, மாடியில் கிடந்த பெர்த்தா என்ன குற்றம் செய்தாள்? 30,000 பவுன் சீதனத்திற்காகப் பெரியோர்கள் முடித்த கலியாணம் அது. தன் கதையைத் தானே சொல்ல நாவலில் அவளுக்கு இடமில்லை. 1966-ல் ஜீன் ரைஸ் எழுதிய வேறொரு நாவலில்தான் அது கிடைத்தது. சித்தம் கலங்கியவரிடமிருந்து விவாகரத்துப் பெற இங்கிலாந்துச் சட்டம் 1937-ல்தான் இடங்கொடுத்தது. அவிழ்க்க முடியாத அந்த முடிச்சு, மனைவியைக் கைதியாகவும் புருஷனைச் சிறைக்காவலனாகவும் ஆக்கிவிட்டது.

மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே என்ற சட்டமும் அங்கே 1870-ல்தான் வந்தது. அதுவரை ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு எத்தனை மனைவிமாரால் பிழைத்திருக்க முடியும்?

ஆகவே தோழர்களே, காதலைச் சோதிக்கக் கண்ணீரையும் பெருமூச்சையும் பார்க்கவேண்டாம். அந்தப் பெண் மாட்டேனென்று சொன்னால் அவளுக்குச் சோறும் மானமும் மிஞ்சுமா என்று பாருங்கள். மிஞ்சாத இடத்தில் அவள் சொல்லும் சம்மதத்தைக் காதலென்று எப்படி நம்புவது?