குடலுள் திரும்பிப் பார்க்கும் முறை: நன்மையும் எல்லையும்

பெருங்குடலின் உட்சுவர் வழுவழுப்பான குழாயன்று; மடிப்புகள் நிறைந்தது. ஆசனவாய் வழியே செலுத்தப்படும் கொலனோஸ்கோப் என்னும் கருவியோ தனக்கு முன்னுள்ளதை மட்டுமே காட்டவல்லது. ஆகவே, மடிப்புகளின் மறுபுறத்தில் தோன்றும் அடினோமா என்னும் சதைமுளைகள் பார்வைக்குத் தப்பிவிடுதல் உண்டு. இவற்றுட் சில, பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியவை.

இக்குறையைப் போக்க, வலப்பக்கப் பெருங்குடலில் கருவியின் நுனியை ஏறத்தாழ 180 பாகை வளைத்து, வந்த வழியையே திரும்பிப் பார்க்கும் முறையைச் சில நிபுணர்கள் கையாளுகின்றனர். அமெரிக்காவில் ஹ்யூவெட், ரெக்ஸ் என்போர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 1,000 பேரிடம் இது முயலப்பட்டது. நூற்றுக்குச் சுமார் 94 பேரிடம் நுனியை வளைத்தல் கைகூடிற்று. நேர்ப்பார்வையில் 497 அடினோமாக்கள் அகப்பட்டன. திரும்பிப் பார்த்தபோது மேலும் 54 புலப்பட்டன. தீங்கொன்றும் நேரவில்லை.

இம்முடிவு வரவேற்கத்தக்கதே. எனினும், ஆயிரத்தில் ஒருவருக்கும் தீங்கில்லை என்பதனால் அபாயமே இல்லையென்று துணிதல் தகாது. உண்மையான அபாயம் ஆயிரத்துக்கு மூன்று வரை இருப்பினும் இத்தகைய முடிவு கிட்டக்கூடும் என்பது புள்ளியியல் கணக்கு. குடற்சுவரில் துளை விழுவது அரிதாயினும் உயிருக்கு ஊறு செய்வது. மேலும், அவ்வாய்வு கைதேர்ந்தோர் செய்தது. புதிதாகப் பயில்வோர் கையில் அதே பலன் கிட்டுமென்று கொள்ளுதற்கில்லை.

மற்றொரு வினாவும் எழுகிறது. கூடுதல் முளைகளைக் காட்டியது நுனியை வளைத்ததா, அன்றி இரண்டாம் முறை பார்த்ததா? 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதில் 850 பேருள் ஒரு சாராருக்கு வலப்பக்கம் மீண்டும் நேராகவே பார்க்கப்பட்டது. மறுசாராருக்குத் திரும்பிப் பார்க்கப்பட்டது. அடினோமா கண்டறியப்பட்டவர்கள் முன்னவருள் நூற்றுக்கு 46 பேர், பின்னவருள் 47 பேர். இது வேறுபாடெனக் கருதத்தக்கதன்று.

எனவே, நம் மருத்துவமனைகளில் வலியுறுத்த வேண்டியது, குடலை நன்கு தூய்மைசெய்தபின் வலப்பக்கத்தை இருமுறை பார்த்தலேயாகும். இதற்குப் புதுக்கருவி வேண்டா. சில நிமிட நேரமும் பொறுமையும் போதும். நுனி எளிதில் வளையுமாயின் பயிற்சி மிக்கோர் வளைத்துப் பார்க்கலாம். தடை தோன்றின் வலிந்து முயலாது நிறுத்துதலே நோயாளிக்கு நலம் பயக்கும்.