செயற்கைக்கோள் கடலடியைப் பார்ப்பதில்லை

“கடலடியைத்தான் செயற்கைக்கோள் படமெடுத்துவிட்டதே, ஆய்வுக் கப்பலுக்கு எதற்குப் பணம்?” என்கிறார்கள். செயற்கைக்கோளின் ரேடார் அலை கடல்நீரைத் துளைக்காது. அடியிலுள்ள மலையின் ஈர்ப்பு நீரை இழுக்க, மேலே கடல்மட்டம் லேசாக மேடிடுகிறது. அதை அளந்து ஆழத்தைக் கணிக்கிறார்கள், அவ்வளவே. சிறிய குன்றுகள் அதில் தப்பிவிடும்.

2005 ஜனவரியில் குவாம் தீவுக்குத் தென்கிழக்கே அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ‘சான் பிரான்சிஸ்கோ’ கடல்மலை ஒன்றில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார். அவர்கள் கையிலிருந்த வரைபடத்தில் அந்த மலையே இல்லை! 2014இல் எம்எச்370 விமானத்தைத் தேடியபோதும், கப்பலின் சோனாரால் கடல்தரையை அளக்க வேண்டியிருந்தது.

உலகக் கடலடியில் இப்படி நேரடியாக அளந்திருப்பது கால் பங்குக்குச் சற்றே அதிகம். கப்பல்களை நிறுத்தச் சொல்லாதீர்கள், கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள்.