பொதுக் கணினியில் வீணாகும் உழைப்பு

தனியுரிமை மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் செலுத்திக்கொண்டே இருப்பதா, உலகெங்கும் உள்ளோர் கூட்டாக உருவாக்கிய லினக்ஸைக் கைக்கொள்வதா? இக்கேள்விக்குக் கேரளம் தெளிவாக விடையளித்துள்ளது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டமும், 2017இல் அதன் தொடர்ச்சியாக உருவான கைட் நிறுவனமும் பொதுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை வேரூன்றச் செய்தன. சங்க அலுவலகம், படிப்பகம் என ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் எல்லா இடங்களுக்கும் இதுவே பொருத்தமான பாதை. ஆனால், பொதுவில் பெற்றதைப் பொதுநலனுக்கு ஏற்பப் பேணுவதும் நமது கடமையே. அவ்வகையில், சிறிதாகத் தோன்றும் ஒரு வீணடிப்பைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது.

பழைய சிஆர்டி திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால், பாஸ்பர் பூச்சில் அதன் தடம் நிலைத்துவிடும். அதைத் தடுக்கவே அசையும் படங்களைக் காட்டும் ஸ்கிரீன்சேவர்கள் பிறந்தன. லினக்ஸ் பயனர்கள் நன்கறிந்த எக்ஸ்ஸ்கிரீன்சேவர் 1992இல் வெளிவந்தது. இன்றைய எல்சிடி திரைகளுக்கு அத்தகைய காப்பு தேவையில்லை. திரையை அணைத்தாலே போதும். தேவை மறைந்த பின்னும் பழக்கம் மறையவில்லை.

பலர் பயன்படுத்தும் கணினியில் இதன் கேடு பெருகுகிறது. ஒரு தோழர் தமது கணக்கைப் பூட்டிவிட்டுச் செல்கிறார். அடுத்தவர் ‘பயனரை மாற்று’ என்பதைத் தேர்ந்து தமது கணக்கில் நுழைகிறார். முன்னவரின் அமர்வு முடிந்துவிடுவதில்லை. அங்கே ஸ்கிரீன்சேவர் நிறுத்தப்படாவிட்டால், எவர் கண்ணுக்கும் தெரியாத திரையில் முப்பரிமாண உருவங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். கிராபிக்ஸ் வசதி குறைந்த பழைய கணினியில் அவற்றை வரையும் சுமை முழுவதும் சிபியு மீதே விழுகிறது. எழுந்து சென்றவரின் அலங்காரத்துக்காக, அமர்ந்து வேலை செய்பவர் காத்திருக்க நேர்கிறது.

ஒரே சர்வரில் பல முனையங்களை இயக்கும் எல்டிஎஸ்பி முறையில் நிலை இன்னும் மோசம். இடைவேளையில் இருபது மாணவர்கள் எழுந்து சென்றால், இருபது படங்களையும் அந்த ஒரே சர்வர் கணக்கிட்டு வலையமைப்பின் வழியே அனுப்ப நேரிடும்.

ஸ்கிரீன்சேவர் குறைந்த முன்னுரிமையில்தானே இயங்குகிறது என்று சிலர் வாதிடலாம். வாதம் பாதி உண்மையே. படத்தைக் கணக்கிடும் நிரல் வழிவிட்டாலும், அதைத் திரையில் வரையும் எக்ஸ் சர்வர் வழக்கமான முன்னுரிமையில்தான் இயங்குகிறது. மின்சாரமும் நினைவகமும் செலவாவதும் நிற்பதில்லை.

தீர்வு எளிது. ‘வெற்றுத் திரை’ என்ற தேர்வையும், சில நிமிடங்களில் திரை தானாக அணையும் ஏற்பாட்டையும் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான அமைப்பாக நிர்வாகி நிறுவ வேண்டும். வேலை முடிந்தவர் கணக்கைப் பூட்டுவதோடு நில்லாமல் முறையாக வெளியேற வேண்டும். கணினி மந்தமானால், புதியது வாங்கப் பணம் திரட்டும் முன் ‘டாப்’ கட்டளையை இயக்கி, சிபியுவை விழுங்குவது எது என்று பார்க்க வேண்டும்.

மென்பொருளை நம் தேவைக்கேற்ப மாற்றும் உரிமையைக் கட்டற்ற மென்பொருள் நமக்கு வழங்கியுள்ளது. அவ்வுரிமையைப் பயன்படுத்தாமல், வந்த அமைப்பை வந்தபடியே ஏற்பது நமக்கு அழகல்ல. பொதுக் கணினியின் ஆற்றல், அதன்முன் அமர்ந்து உழைப்பவருக்கே உரியது.