‘இதைக் கேட்டிருக்கியா மச்சி?’ - மறந்துபோன பாட்டுகளை மீட்பது அல்காரிதமா, நண்பனா?

ராத்திரி பதினொன்றரை மணி. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. கூடவே ஒரே ஒரு வரி: ‘மச்சி, இதைக் கேட்டுட்டுத் தூங்கு.’ பேரே கேள்விப்படாத பேண்ட். எந்த ஊர், எந்த வருஷம், ஒண்ணும் தெரியாது. ஹெட்போனை மாட்டினால் நாலே நிமிஷத்தில் தூக்கம் போயே போச்சு. மறுநாள் காலையில் நீங்களே அதை இன்னும் மூணு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள்.

ராக், பாப் ரசிகர்களிடம் இது ரொம்பப் பழைய பழக்கம். ஒருகாலத்தில் கேசட்டில் பதிந்து கொடுத்தார்கள், அப்புறம் சி.டி, இப்போது லிங்க். ‘அதான் ஆப்பே நமக்குப் பிடிச்ச பாட்டைத் தேடித் தருதே, அப்புறம் எதுக்கு இந்த வேலை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதிலுக்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம்.

நாலில் ஒரு பாட்டை யாருமே கேட்கலை!

இசைத்துறைத் தரவுகளைத் திரட்டும் லூமினேட் நிறுவனம், 2023-ம் ஆண்டுக்கான அறிக்கையில் ஒரு விவரத்தைச் சொன்னது. ஸ்ட்ரீமிங் தளங்களில் இருந்த பாடல்கள் சுமார் 18.4 கோடி. அவற்றில் 4.56 கோடி பாடல்களை அந்த வருஷம் முழுக்க ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆயிரம் தடவைக்கு மேல் கேட்கப்படாதவை 86 சதவிகிதம்.

இந்த ‘ஆயிரம்’ என்ற எண்ணுக்கு இப்போது தனி அர்த்தம் உண்டு. கடந்த 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ராயல்டி கிடையாது என்ற விதியை 2024-ல் ஸ்பாட்டிஃபை கொண்டுவந்தது. ‘அந்தப் பாடல்களுக்குப் போவது மாசத்துக்குச் சராசரியாக மூணு சென்ட்தான். கலைஞரின் கைக்கே அது வந்து சேர்வதில்லை’ என்பது அவர்கள் தரப்பு விளக்கம். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், அந்தச் சில்லறையெல்லாம் சேர்ந்தால் வருஷத்துக்குச் சில கோடி டாலர். அது இனி ஏற்கெனவே ஓடுகிற பாட்டுகளுக்குத்தான் போகும். காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ‘கேட்க ஆள் இல்லாத பாட்டு கணக்கிலேயே வராது’ என்று ஒரு கோடு போட்டாகிவிட்டது.

இன்னொரு பக்கம் ஏ.ஐ வெள்ளம். தினமும் தங்கள் தளத்துக்கு வரும் பாடல்களில் 20,000-க்கும் மேற்பட்டவை முழுக்க ஏ.ஐ உருவாக்கியவை என்று 2025 ஏப்ரலில் டீஸர் சொன்னது. அதே வருஷம் ‘தி வெல்வெட் சன்டவுன்’ என்ற பேண்ட், ஸ்பாட்டிஃபையில் மாதம் பத்து லட்சம் பேருக்கு மேல் கேட்கும் அளவுக்கு வளர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒரு பேண்டே கிடையாது, எல்லாம் ஏ.ஐ கைவரிசை என்று. ஊசி அதே ஊசிதான், வைக்கோல் போர்தான் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது.

அல்காரிதத்துக்கு என்ன பிடிக்கும்?

‘கேலக்ஸி 500’ அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து பேண்ட். 1987-ல் தொடங்கி 1991-ல் கலைந்துவிட்டது. அவசரமே இல்லாத, கனவில் நடக்கிற மாதிரியான இசை. 2017 வாக்கில் அவர்களின் பாடல்களில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ மட்டும் ஸ்பாட்டிஃபையில் மற்றவற்றைத் தாண்டி எகிறியது. அது சிங்கிளாகக்கூட வெளியாகாத, 1989 ஆல்பத்தின் ஒரு பாட்டு. ‘இது ஏன்?’ என்று டிரம்மர் டேமன் க்ருகோவ்ஸ்கியே கிளறிப் பார்த்தார். ஒரு பாட்டு முடிந்ததும் ‘அதே மாதிரி’ இன்னொன்றைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளே வசதி அப்போதுதான் எல்லோருக்கும் வந்திருந்தது. அவர்களின் பாடல்களிலேயே மற்ற பேண்டுகளின் பாட்டு மாதிரி அதிகமாக ஒலிப்பது ‘ஸ்ட்ரேஞ்ச்’தான். அதனால்தான் சிஸ்டம் அதைத் தேர்ந்தெடுத்தது!

விஷயமே இங்கேதான் இருக்கிறது. அல்காரிதம் தேடுவது ஒற்றுமையை. நீங்கள் கேட்டதுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எடுத்துத் தரும். நண்பன் பாட்டு அனுப்புவது நேர்மாறான காரணத்துக்காக. ‘இந்த மாதிரி நீ கேட்டதே இல்லைடா’ என்பதுதான் அவன் சொல்லும் சிபாரிசு.

அட்டையில் இருந்த மூணு பேர்

‘டெத்’ பேண்டின் கதையைக் கேளுங்கள். டெட்ராய்ட்டைச் சேர்ந்த டேவிட், பாபி, டானிஸ் ஹாக்னி என்ற மூன்று கறுப்பினச் சகோதரர்கள். பங்க் ராக் என்ற பேரே பரவாத 1975-லேயே அதே வேகத்தில் ஏழு பாடல்களைப் பதிந்தார்கள். இசைத்துறைப் பெரும்புள்ளி க்ளைவ் டேவிஸுக்குப் பாட்டு பிடித்தது, பேர் பிடிக்கவில்லை. ‘மாத்திக்கோங்க’ என்றார்கள். மூத்தவர் டேவிட் மறுத்துவிட்டார், ஒப்பந்தம் போச்சு. 1976-ல் சொந்தச் செலவில் 500 தட்டுகள் போட்டார்கள், அதோடு சரி. டேவிட் 2000-ல் இறந்துபோனார். அந்த 500-ல் சில தட்டுகள் சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், கைமாறிப் பேசப்பட்டு, 2009-ல்தான் அந்த ஏழு பாடல்களும் ஆல்பமாக வந்தன. அதைப் பார்க்க டேவிட் இல்லை.

ரோட்ரிகஸுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது. அவரும் டெட்ராய்ட்காரர்தான். 1970, 71-ல் போட்ட இரண்டு ஆல்பங்களை அமெரிக்காவில் யாரும் சீண்டவில்லை. கட்டட வேலைக்குப் போய்விட்டார். நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவிலோ அவர் பாட்டு கைக்குக் கை பரவி வீட்டுக்கு வீடு ஒலித்தது. ‘மேடையிலேயே செத்துட்டார்’ என்று வதந்தி வேறு. ரசிகர்கள் சிலர் தேடி அலைந்து, 1997-ல் ஆளையே கண்டுபிடித்தார்கள். மறுவருஷம் அங்கே போய்ப் பாடினார். இந்தக் கதையைச் சொன்ன ‘சர்ச்சிங் ஃபார் சுகர்மேன்’ ஆவணப்படம் 2013-ல் ஆஸ்கர் வாங்கியது.

நம்ம நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். ரூபா பிஸ்வாஸ் என்ற வங்காளப் பாடகி, சரோட் கலைஞர் ஆஷிஷ் கானோடு சேர்ந்து கனடாவின் கால்கரியில் பதிந்த ‘டிஸ்கோ ஜாஸ்’ 1982-ல் வெளியானது. சரோடும் டிஸ்கோ தாளமும் கைகோத்துப் போகும் அந்த ஆல்பம் அப்போது எடுபடவில்லை. பல வருஷம் கழித்து, வீட்டில் கிடந்த தட்டு மகன் கண்ணில் பட்டது. இணையத்தில் தேடினால், ஊர் உலகமே அதைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது! 2019-ல் அமெரிக்காவின் நியூமெரோ நிறுவனம் அதை முறைப்படி மறுவெளியீடு செய்தது.

‘யூடியூப் அல்காரிதமும் பாட்டுகளை மீட்டிருக்கே’ என்றால், ஆமாம், மறுக்க முடியாது. மரியா டகேயுச்சியின் ‘பிளாஸ்டிக் லவ்’ 1984-ல் வந்த ஜப்பானியப் பாட்டு. 2017-க்குப் பிறகு ஜப்பானியமே தெரியாத கோடிக்கணக்கானோரிடம் அதைக் கொண்டுபோனது யூடியூபின் சிபாரிசுதான். ஆனால், அதை முதலில் ஏற்றியது கம்பெனி இல்லை, ஒரு ரசிகர். காற்று நெருப்பைப் பரப்பும், ஆனால் யாரோ ஒருவர் குச்சியைக் கிழிக்க வேண்டும்.

நீங்க என்ன செய்யலாம்?

வெறும் லிங்க் அனுப்பாதீர்கள். கூடவே ரெண்டு வரி சேருங்கள். ‘ரெண்டாவது நிமிஷத்தில் அந்த கிடார் வர்ற இடத்தைக் கவனி’ என்று ஒரு இடத்தைக் காட்டிக்கொடுத்தால், பத்து நொடியில் தள்ளிவிடுகிறவர்கூட நின்று கேட்பார். பிளே லிஸ்ட்டாக நாற்பது பாட்டை அனுப்பினால் யாரும் தொட மாட்டார்கள், ஒண்ணே ஒண்ணு போதும். கலைஞர் உயிரோடு இருந்தால், முடிந்தவர்கள் பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். அங்கே விலையின் பெரும்பகுதி கலைஞர் பக்கத்துக்கே போகிறது. வீட்டுப் பரணில் பழைய கேசட், இசைத்தட்டு இருந்தால், ஆக்கர்க்காரரிடம் போடும் முன் அட்டையில் யார் பேர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒரு பாட்டு. இங்கிலாந்தின் வஷ்டி பன்யன் 1970-ல் போட்ட முதல் ஆல்பம் விற்கவே இல்லை. பாட்டையே விட்டுவிட்டுக் குழந்தைகளை வளர்க்கப் போய்விட்டார். 2000-ல் அது மறுவெளியீடு கண்டு புது ரசிகர்கள் சேர்ந்த பிறகு, 2005-ல் இரண்டாவது ஆல்பம் போட்டார். இடையில் 35 வருஷம்! அந்த முதல் ஆல்பத்தின் ‘டயமண்ட் டே’ ரெண்டு நிமிஷத்துக்கும் குறைவுதான். இன்னிக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் யாராவது ஒருவருக்கு அனுப்புங்கள், ரெண்டு வரியோடு.