சாய்கோடு போட்டது குற்றமா?

தேதியை 15/08/2023 என்று எழுதுவது குற்றமா? பள்ளிக்கூட விடுப்புக் கடிதம் முதல் ஓய்வூதிய விண்ணப்பம் வரை அறுபது வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். அந்த இரண்டு சாய்கோடுகள்தான் என்னைக் கிராம சபையில் வெறுங்கையோடு நிற்க வைத்தன.

எங்கள் தாமல் ஏரிக்கு வரும் கால்வாயில் புதர் மண்டிக் கிடந்ததைப் படம் பிடித்து, இரண்டு இரவு உட்கார்ந்து முப்பது ஸ்லைடு தயார் செய்தேன். 'தாமல் ஏரி 15/08/2023' என்று பெயர் கொடுத்துச் சேமிக்கப் போனால், 'அப்படி ஒரு பாதை இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி. நாலு முறை அமுக்கினேன். நாலு முறையும் அதே பெட்டி. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் போட்டேன்.

"தாத்தா, நீங்க எதையாவது அமுக்கியிருப்பீங்க. மூடிட்டுத் திறங்க."

மூடினேன். எல்லாம் போயிற்று. மறுநாள் சபையில் கைப்பேசியை நீட்டினேன். முன்வரிசையில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

காரணம் பிறகுதான் புரிந்தது. கணினிக்குச் சாய்கோடு என்றால் 'இந்த ஃபோல்டருக்குள்' என்று பொருள். 'தாமல் ஏரி 15' என்ற ஃபோல்டருக்குள் '08' என்ற ஃபோல்டரைத் தேடியிருக்கிறது! விண்டோஸ் கணினியில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி இவையும் கோப்பின் பெயரில் கூடாது. சரி, விதி இருக்கட்டும். 'பெயரில் உள்ள சாய்கோட்டை எடுத்துவிடுங்கள்' என்று தமிழில் ஒரு வரி சொன்னால் என்ன கேடு? காரணத்தைச் சொல்லாமல், பழியை மட்டும் கிழவன் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

"கற்றுக்கொள்ள வேண்டியது நீங்கள்தானே" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்றுத் தருகிறவர்கள் எதைக் கற்றுத் தருகிறார்கள்? எழுத்தைப் பறக்க விடவும் சுழல விடவும் ஒரு வாரம். சேமிப்பதற்கு ஐந்து நிமிடம் கூட இல்லை.

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இல் குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்தார்கள். 921-இல் விதிகளைத் திருத்தியபோது பழையதை அழிக்கவில்லை. புதியதைத் தனியாக வெட்டினார்கள். இரண்டும் இன்றும் இருக்கின்றன. 'சேவ் ஆஸ்' என்பது இதுதானே!

ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். முதல் ஸ்லைடு போட்டதுமே பெயர் கொடுத்துச் சேமியுங்கள். தேதிக்கு இடைக்கோடு போதும். பென் டிரைவில் வைத்தே வேலை செய்யாதீர்கள். கணினியில் முடித்துவிட்டு நகல் எடுங்கள். சேமிக்க மறுத்தால் மட்டும், யார் சொன்னாலும் மூடாதீர்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்து, சின்னப் பெயராக வைத்து, டெஸ்க்டாப்பில் போடுங்கள்.

அடுத்த கிராம சபைக்கு நான் தயார். கோப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. பெயர்: தாமல் ஏரி 02-10-2023.