“நல்லாத்தானே இருக்கான்... மாத்திரை எதுக்கு?”

மனநோய் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவது ஏன்?

சென்னை:
மாதாமாதம் வந்து டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிப் போக வேண்டும். இரண்டு மாதம் ஒழுங்காக வருகிறார்கள். மூன்றாம் மாதம் ஆளைக் காணோம்!

மனநோய்க்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறும் பலருடைய கதை இதுதான். “அக்கறை இல்லாதவங்க” என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் உண்மைக் காரணங்கள் வேறு.

ஏமாற்றும் நோய்

மாத்திரையை நிறுத்திய மறுநாளே நோய் திரும்பிவிடாது. சில வாரம், ஏன், சில மாதம்கூட ஆகலாம். “பார்த்தியா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கான்!” என்று வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். பிறகு தூக்கம் கெடுகிறது. பயமும் சந்தேகமும் தலைதூக்குகின்றன. வேலை போகிறது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாகிறது.

சிலருக்கு மாத்திரையால் ஓயாத தூக்கம், கை நடுக்கம், உடல் பருமன். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சொல்லத் தயங்கியே பலர் நின்றுவிடுகிறார்கள்.

கூலியும் கூச்சமும்

நோயாளியோடு துணைக்கும் ஒருவர் வர வேண்டும். அன்று இரண்டு பேர் கூலி போச்சு! இதில் கூச்சம் வேறு. 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையை வைத்து, “கீழ்ப்பாக்கம் கேஸ்” என்று கேலி பேசிய ஊர் இது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?

வழி என்ன?

முதல் நாளே “நாளைக்கு வாங்க” என்று ஒரு போன். வராதவர்களை அந்த வாரமே விசாரித்து, திட்டாமல் காரணம் கேட்பது. நிலைமை சீரானவர்களுக்கு, டாக்டர் சம்மதித்தால், கூடுதல் நாளுக்கு மாத்திரை. தினமும் விழுங்க மறக்கிறவர்களில் சிலருக்கு மாதம் ஒரு ஊசியே போதும். இவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இது சலுகை அல்ல, சட்டம்! மனநோயாளியை நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2018 மே மாதம் அது அமலுக்கு வந்தது. ஒரு மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் குடும்பம் இருக்கிற வரை, அந்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தால் சண்டை வேண்டாம். உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். யோசனை கேட்க, 2022-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ போன் எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். காசு கிடையாது.